காங்கிரஸ் உறுப்பினருக்கு மொய் வைப்பது யார்?



போன வாரம் நான் போட்ட இரண்டு வரிப் பதிவுக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. "பேத்தியோடு உட்கார்ந்து காங்கிரஸ் உறுப்பினருக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். ஊரிலிருந்து என் பெரியப்பா மகன் உடனே போன் செய்து, "நீ எப்ப இருந்தும்மா கட்சி வேலை பார்க்கிறே?" என்றார். அண்ணா, இது நம் ஊர்க் காங்கிரஸ் கட்சி இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பெயரே காங்கிரஸ். நம் மக்களவை போல அங்கே பிரதிநிதிகள் சபை, 435 பேர். இன்னொன்று செனட், மாநிலத்துக்கு இரண்டு பேராக 100 பேர். நான் பார்த்தது மகள் குடியிருக்கும் தொகுதியின் பிரதிநிதியை. அவர் பெயரையும் கட்சியையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கமெண்ட் பகுதியில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமிலேயே பார்த்தவள்.

பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் அது. "உன் தொகுதி உறுப்பினருக்குத் தேர்தல் நன்கொடை எங்கிருந்து வருகிறது? கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுது." நான் 36 வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளைக்கும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் பிள்ளைகள் எங்கே போய்த் தேடியிருப்பார்கள்? இங்கே பேத்தி கணினியைத் திறந்து உறுப்பினர் பெயரைத் தட்டினாள். வரிசை வரிசையாக வந்து விழுந்தது.

பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது மொய் நோட்டுதான். நம் கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்களே, ஒருவர் பணத்தை எண்ண, ஒருவர் எழுத. இன்னார், இன்ன ஊர், இவ்வளவு. அதே மாதிரிதான் இதுவும். கொடுத்தவர் பெயர், ஊர், தேதி, தொகை, அதோடு என்ன தொழில், யாரிடம் வேலை என்பதும் உண்டு. இந்தக் கணக்கை வாங்கி வைப்பது மத்தியத் தேர்தல் ஆணையம், சுருக்கமாக எஃப்.இ.சி. நம் தேர்தல் ஆணையம் போலத் தேர்தல் நடத்துவது அதன் வேலை இல்லை, பணக் கணக்கைப் பார்ப்பதுதான் வேலை. நிக்சன் காலத்து வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974இல் செய்த சட்டத் திருத்தத்தால் பிறந்தது. ஒருவர் ஒரு தேர்தல் சுற்றில் ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் அவர் பெயர் இந்த நோட்டில் ஏறியாக வேண்டும். ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கவே கூடாது. நோட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஆனால் அதிலுள்ள தனிநபர் பெயர்களை எடுத்து வியாபாரத்துக்கோ வேறு வசூலுக்கோ பயன்படுத்தக் கூடாது.

எதற்காக இவர்களுக்கு இவ்வளவு பணம் என்று கேட்டிருந்தாள் என் பழைய மாணவி ஒருத்தி. பிரதிநிதிகள் சபைக்குப் பதவிக்காலம் 2 வருஷம்தான் அம்மா. ஜெயித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த அன்றே அடுத்த தேர்தல் வேலை தொடங்கிவிடுகிறது. அதிலும் இரண்டு தேர்தல். முதலில் சொந்தக் கட்சிக்குள் 'பிரைமரி', அப்புறம் எதிர்க்கட்சியோடு நவம்பரில் பொதுத் தேர்தல். டி.வி. விளம்பரம், தபாலில் போகும் நோட்டீஸ், ஆட்கள் சம்பளம். ஜனாதிபதி வேட்பாளருக்காவது அரசு நிதி என்று ஒரு ஏற்பாடு 1976இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. காங்கிரஸ் வேட்பாளருக்கு அரசாங்கம் ஒரு காசு தருவதில்லை. முழுக்க முழுக்க மொய்ப் பணம்தான்.

சரி, மொய் வைப்பவர்கள் யார்? இங்கேதான் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். நேரடியாக முடியாது. 1907ஆம் வருஷமே டில்மன் சட்டம் என்று ஒன்று வந்து, கம்பெனிகள் தங்கள் கஜானாவிலிருந்து மத்தியத் தேர்தல் வேட்பாளருக்குப் பணம் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. தொழிற்சங்கங்களுக்கும் அதே தடை 1947இல் நிலையானது. ஆனால் ஆற்றில் அணை கட்டினால் தண்ணீர் வேறு பக்கம் ஓடாதா? அப்படி வந்ததுதான் 'பேக்' என்னும் அரசியல் நடவடிக்கைக் குழு. கம்பெனி தன் பெயரில் ஒரு குழு அமைக்கலாம். அதிகாரிகளும் பங்குதாரர்களும் தாங்களாக விரும்பி அதில் பணம் போடலாம். அந்தக் குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை கொடுக்கலாம். பிரைமரிக்கு ஒன்று, பொதுத் தேர்தலுக்கு ஒன்று என்று 10,000. இந்த 5,000 என்னும் அளவு 1970களில் போட்டது, இன்றுவரை ஏறவில்லை. தனிநபருக்கான வரம்பு மட்டும் விலைவாசிக்கு ஏற்ப இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. 2025-26 சுற்றில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர், இரண்டும் சேர்த்து 7,000. புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகக் கொடுக்கலாம்.

ஆக, ஒரு உறுப்பினரின் பணப்பையைக் கொட்டிப் பார்த்தால் நான்கு வகைப் பணம் இருக்கும். 200 டாலருக்கு மேல் கொடுத்த தனிநபர்கள், சில்லறையாகக் கொடுத்த சின்ன மனிதர்கள், 'பேக்' குழுக்கள், பிறகு வேட்பாளரின் சொந்தப் பணம். சொந்தப் பணத்துக்கு மட்டும் வரம்பே கிடையாது. மிச்சிகனில் ஸ்ரீ தானேதார் இருக்கிறாரே, கர்நாடகத்தில் பிறந்தவர், வேதியியல் படித்துத் தொழிலதிபரானவர். 2022இல் பல மில்லியன் டாலர் சொந்தக் கைப்பணத்தைப் போட்டுத்தான் பிரதிநிதிகள் சபைக்கு வந்தார். இதைத் தடுக்க முடியாது என்று 1976இலேயே உச்ச நீதிமன்றம், பக்லி வழக்கில், சொல்லிவிட்டது. வாங்குவதற்கு வரம்பு வைக்கலாம், செலவழிப்பதற்கு வரம்பு வைக்கக் கூடாது, செலவழிப்பதும் ஒருவகைப் பேச்சுரிமைதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்கத் தேர்தல் பணத்தில் உங்களுக்கு எது விசித்திரமாகத் தெரிந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பில்தான் போய் முடியும்.

கணக்கை வாசிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேத்தி முதலில் ஓபன்சீக்ரெட்ஸ் என்ற தளத்தைத் திறந்தாள். இரண்டு முன்னாள் செனட்டர்கள், ஃபிராங்க் சர்ச்சும் ஹியூ ஸ்காட்டும், ஆளுக்கொரு கட்சிக்காரர்கள், சேர்ந்து 1983இல் தொடங்கிய அமைப்பு அதை நடத்துகிறது. எஃப்.இ.சி. கணக்கையே எடுத்து, எந்தத் தொழிலிலிருந்து எவ்வளவு என்று வகைபிரித்துக் காட்டுவார்கள். அதில் ஒரு பெரிய கம்பெனி பெயருக்கு எதிரே ஒரு தொகை. "பாட்டி, கம்பெனி கொடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?" என்றாள். அது கம்பெனி கொடுத்தது இல்லை. அந்தக் கம்பெனியின் 'பேக்' கொடுத்ததும், அங்கே வேலை பார்க்கும் ஆட்கள் தங்கள் கைக்காசில் கொடுத்ததும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் மேலே வந்தால், அங்கே பாடம் சொல்லித்தரும் வாத்தியார்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி, இந்த அட்டவணையின் முதல் வரியை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அடிக்குறிப்பைப் படியுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அப்புறம் எனக்கே ஒரு ஆச்சரியம். தொழில் என்ற பத்தியில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தேன். வக்கீல், டாக்டர், ரியல் எஸ்டேட், மறுபடியும் வக்கீல். ஆனால் எல்லாரையும் விட அதிகமாக வந்த சொல் 'ஓய்வு பெற்றவர்'. ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றவர். என் இனம்! இந்த ஒரு தொகுதியில் மட்டும் அப்படி இல்லை, நாடு முழுவதும் உறுப்பினர்களின் கணக்கில் 'ஓய்வு பெற்றவர்கள்' என்ற வகைதான் அடிக்கடி முதலிடத்தில் நிற்கிறது. யோசித்தால் நியாயம்தான். வீட்டுக் கடன் முடிந்திருக்கும், பிள்ளைகள் தலையெடுத்திருப்பார்கள், நாள் முழுக்க டி.வி.யில் செய்தி ஓடும், கையில் போன் இருக்கும்.

அந்தப் போன்தான் தொல்லை. என் சம்பந்தியம்மா குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆயிற்று. வயது எழுபதைத் தாண்டியவர். யாரோ ஒரு வேட்பாளரிடமிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து மனசு உருகி 25 டாலர் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் 'மாதாமாதம்' என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டே இருந்திருக்கிறது. ஏழு மாதம் கழித்து மருமகன் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எழுதிக் கேட்டதும் பணம் திரும்பி வந்தது, அது வேறு விஷயம். ஆனால் இது அவருக்கு மட்டும் நடந்தது இல்லை. இப்படி முன்கூட்டியே டிக் போட்டு வைக்கும் பழக்கத்தால் 2020 தேர்தலில் ஏராளமான முதியவர்கள் ஏமாந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்று 2021இல் பத்திரிகைகள் விரிவாக எழுதின. அதே வருஷம் எஃப்.இ.சி. உறுப்பினர்கள், எப்போதும் கட்சிவாரியாகப் பிரிந்து நிற்பவர்கள், இதில் மட்டும் ஒரே குரலில் அந்தக் கட்டங்களைத் தடைசெய்யுமாறு காங்கிரஸுக்குப் பரிந்துரைத்தார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவின் கார்டு கணக்கை மாதம் ஒருமுறை பாருங்கள்.

'பேக்' பணம் எப்படிப் பிரிகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உறுப்பினர் எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறாரோ அதைப் பார்த்துப் பணம் வரும். நிதிச் சேவைகள் குழுவில் இருப்பவருக்கு வங்கி, இன்ஷூரன்ஸ். விவசாயக் குழுவில் இருப்பவருக்குச் சர்க்கரை, பால், பயிர் சங்கங்கள். ராணுவக் குழு என்றால் விமானம், ஏவுகணை செய்கிற கம்பெனிகளின் குழுக்கள். அரசாங்கக் குத்தகை எடுத்திருக்கும் கம்பெனி கொடுக்கக் கூடாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் 'பேக்' கொடுக்கலாம்! இதைச் சொன்னபோது பேத்தி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. மொய் வைப்பவர் எல்லாரும் பாசத்தில் வைப்பதில்லை. நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் வர வேண்டும் என்றுதான் பாதிப்பேர் வைக்கிறார்கள். கையில் வைத்து எழுதி வாங்கினால்தான் லஞ்சம் என்று சட்டம் சொல்கிறது. வாசல் திறந்திருக்கட்டும் என்று வைப்பதற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. மொய் நோட்டைப் புரட்டும் நமக்குத் தெரியாதா?

இன்னொரு சுவாரசியம், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மொய் வைத்துக்கொள்வது. 'லீடர்ஷிப் பேக்' என்று தனிக் குழு வைத்துக்கொண்டு, கஷ்டப்படும் சக உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். நாளைக்குச் சபையில் தலைவர் பதவிக்கு நிற்கும்போது வாங்கியவர்கள் ஓட்டுப் போடுவார்களே. கட்சியும் சும்மா விடாது. இவ்வளவு வசூல் செய்து கட்சிக்குக் கட்டு என்று சந்தா மாதிரி விதிக்கும். குழுத் தலைவர் என்றால் அதிகம்.

இந்தப் பணத்தை எப்படி வசூல் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. அரசாங்கக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து நன்கொடை கேட்கக் கூடாது என்று சட்டம். அதனால் உறுப்பினர்கள் தங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே நடந்து, பக்கத்திலேயே இருக்கும் கட்சி அலுவலகத்தில் சின்னச் சின்ன அறைகளில் உட்கார்ந்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பணம் கேட்பார்கள். 2013இல் ஜனநாயகக் கட்சி தன் புது உறுப்பினர்களுக்குக் கொடுத்த மாதிரி நேர அட்டவணை ஒன்று பத்திரிகையில் வெளியானது. ஒரு நாளில் போன் போட 4 மணி நேரம். குழு வேலைக்கும் சபை வேலைக்கும் சேர்த்து 2 மணி நேரம். பள்ளிக்கூட டைம் டேபிள் போட்டே வாழ்நாளைக் கழித்தவள் நான். நாளைக்கு 4 பீரியட் பீஸ் வசூல், 2 பீரியட் பாடம் என்று ஒரு பள்ளிக்கூடம் நடந்தால் அதை என்னவென்று சொல்வீர்கள்?

அடுத்த கட்சியும் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஃபுளோரிடாவைச் சேர்ந்த டேவிட் ஜாலி, அப்போது குடியரசுக் கட்சிக்காரர், 2014 இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தவர். நாளொன்றுக்கு 18,000 டாலர் திரட்டுவது உன் பொறுப்பு என்று தனக்குச் சொல்லப்பட்டதாக 2016இல் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். நம் பணத்தில் சுமார் 15 லட்சம் ரூபாய், ஒரு நாளைக்கு! உறுப்பினர்கள் நேரில் பணம் கேட்பதையே தடுக்க ஒரு மசோதாவும் கொண்டுவந்தார். சக உறுப்பினர்களில் ஒரு சிலரைத் தவிர யாரும் அதை ஆதரிக்கவில்லை. அவரும் அந்த வருஷத் தேர்தலில் தோற்றுப்போனார்.

இதற்கு மாற்றுதான் சில்லறை நன்கொடை என்று இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் 2004இல் ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சிப் பக்கம் 2019இல் வின்ரெட் என்று இரண்டு தளங்கள். ஒரு தட்டு தட்டினால் 5 டாலர், 10 டாலர் போய்ச் சேரும். ஏழை எளியவர் பணத்தில் நிற்கும் வேட்பாளர் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது உண்மைதான். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் 2018 பிரைமரியில் தன்னைவிடப் பத்து மடங்குக்கும் மேல் செலவழித்த, பல முறை ஜெயித்த மூத்த தலைவரைத் தோற்கடித்தது அப்படிப்பட்ட சில்லறையை வைத்துத்தான்.

ஆனால் இந்தச் சில்லறை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2020இல் தென் கரோலினாவில் செனட்டர் லிண்ட்சே கிரஹாமை எதிர்த்து ஜெய்மி ஹாரிசன் நின்றார். மூன்றே மாதத்தில் 5 கோடியே 70 லட்சம் டாலர் குவிந்தது. செனட் வேட்பாளர் யாரும் அதுவரை ஒரு காலாண்டில் அவ்வளவு பார்த்ததில்லை. பெரும்பகுதி அந்த மாநிலத்தில் காலடி வைக்காதவர்கள் அனுப்பியது. கடைசியில் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். பணம் அனுப்பியவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லையே! எங்கோ கோபம் வந்தால் இங்கே பணம் வருகிறது. அதனால் கோபத்தை மூட்டுகிறவருக்கே வசூல் ஜாஸ்தி. இரண்டு கட்சியிலும் இதே கதைதான். சத்தமில்லாமல் குழுவில் உட்கார்ந்து மசோதாவைத் திருத்துகிற உறுப்பினருக்கு யார் 5 டாலர் அனுப்புவார்கள்?

இனி ஒரு குடும்ப விஷயம். தம்பியின் அனுமதியோடு எழுதுகிறேன். என் தம்பி மகன் டெக்ஸாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவர்கள் பகுதியில் இந்தியர்கள் சேர்ந்து ஒரு வேட்பாளருக்கு விருந்து வைத்தார்கள். ஆளுக்கு 500 டாலர், வேட்பாளரோடு போட்டோ. விசா விஷயத்தில் அவர் நமக்கு உதவுவார் என்று பேச்சு. இவன் தயங்கியிருக்கிறான். ஒரு பெரியவர், அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் வேண்டியவர், "தம்பி, நீ கவலைப்படாதே. பணத்தை என்னிடம் கொடு, என் பெயரில் செக் போட்டுவிடுகிறேன்" என்றாராம். அன்று ராத்திரி எனக்குப் போன். "அத்தை, நீங்கதான் பாப்பாவோட இதைப் படிச்சிட்டு இருக்கீங்களாமே, கொடுக்கலாமா?"

கொடுக்கக் கூடாதுடா கண்ணா. இதைப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குடியுரிமை உள்ளவர் கொடுக்கலாம், கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். எச்-1பி, மாணவர் விசா, என்னைப் போல மகளைப் பார்க்க வந்த பார்வையாளர் விசா, இவர்கள் எல்லாரும் சட்டப்படி வெளிநாட்டவர். மத்தியத் தேர்தலுக்கு மட்டுமல்ல, மாநில, உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட ஒரு டாலர் கொடுக்கக் கூடாது. வரி கட்டுகிறேனே என்றால் செல்லாது. சம்பளம் வாங்காமல் நாற்காலி எடுத்துப் போடலாம், நோட்டீஸ் விநியோகிக்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் சொன்ன வழி இன்னும் மோசம். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம், ஜெயில் வரை போகும். தினேஷ் டிசூசா என்று மும்பையில் பிறந்த பிரபல எழுத்தாளர், அமெரிக்கக் குடிமகன். 2012இல் நியூயார்க் செனட் வேட்பாளராக நின்ற தோழிக்கு, வேறு ஆட்கள் பெயரில் 20,000 டாலர் கொடுத்தார். 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 8 மாதம் கண்காணிப்பு விடுதியில் தங்க வேண்டும், 5 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 30,000 டாலர் அபராதம். 2018இல் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். நியூயார்க் ஓட்டல் அதிபர் சந்த் சிங் சத்வாலும் இதே மாதிரி விஷயத்தில் 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்தான். இவர்கள் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள், பெரிய வக்கீல் வைத்தார்கள். விசாவில் இருக்கும் பையனுக்கு யார் மன்னிப்பு வாங்கித் தருவார்கள்? கிரீன் கார்டு மனு வரிசையில் நிற்கும்போது இப்படி ஒரு கறை ஒட்டினால் பத்து வருஷக் காத்திருப்பு என்னாகும்?

தம்பி மகன் விருந்துக்குப் போகவில்லை. அந்தப் பெரியவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். இப்போது கோயிலில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இருக்கட்டும்.

நோட்டில் வராத பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பாடம்தான் நடத்தியதாகும். 2010இல் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், கம்பெனியும் சங்கமும் வேட்பாளரோடு சேராமல் தனியாகத் தேர்தல் விளம்பரம் செய்தால் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் கீழ் நீதிமன்றம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு, அப்படித் தனியாகச் செலவழிக்கும் குழுக்களுக்கு நன்கொடை வரம்பும் கிடையாது என்றது. பிறந்தது 'சூப்பர் பேக்'. உறுப்பினர் கையில் 3,500 டாலருக்கு மேல் கொடுக்க முடியாதவர், இதில் 3 கோடி டாலர் போடலாம். வேட்பாளரோடு கலந்து பேசிச் செய்யக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. 2024இல் ஒஹாயோவில் செனட்டர் ஷெரட் பிரவுனைத் தோற்கடிக்க, கிரிப்டோ நாணயக் கம்பெனிகளின் பணத்தில் ஓடும் 'ஃபேர்ஷேக்' என்னும் அமைப்பு சுமார் 4 கோடி டாலர் செலவழித்தது. அவர் வங்கிக் குழுவின் தலைவர், கிரிப்டோவைச் சந்தேகத்தோடு பார்த்தவர். வேடிக்கை என்னவென்றால் அவர்களுடைய விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லையே காண்பது அரிது. பிரவுன் தோற்றார். ஜெயித்தவரின் மொய் நோட்டைப் புரட்டினால் இந்த 4 கோடி அதில் இருக்காது. அந்த அமைப்பின் தனிக் கணக்கில்தான் தேட வேண்டும். அதாவது, தேட வேண்டும் என்று தெரிந்தவர்கள் தேடலாம். வேறு சில சங்கங்கள் இருக்கின்றன, கொடுத்தவர் பெயரையே சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், வாஷிங்டன் மாநில உறுப்பினர், அந்தத் தீர்ப்பை மாற்ற அரசியல் சாசனத் திருத்தமே கொண்டுவந்திருக்கிறார். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும். நடக்கிற காரியமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பணம் உள்ளவன்தான் ஜெயிப்பானா டீச்சர் என்று கேட்ட செல்வத்துக்கு ஒரு கதை. 2014இல் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர், சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தார். எதிர்த்து நின்றவர் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர்; மொத்தச் செலவே சுமார் 2 லட்சம் டாலர். கேன்டரின் கணக்கில் ஸ்டேக் ஓட்டல்களுக்குக் கட்டிய பில் மட்டும் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது, நன்கொடையாளர்களுக்கு விருந்து வைத்த வகையில். ஜெயித்தவர் வாத்தியார்! எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் செல்வம், இது அபூர்வம். பதவியில் இருப்பவருக்குத்தான் பணம் சேரும், பதவியில் இருப்பவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். பணத்தால் ஜெயித்தாரா, ஜெயிப்பார் என்று தெரிந்து பணம் கொடுத்தார்களா என்பது கோழி முட்டைக் கணக்கு.

நம் ஊரில் எப்படி என்று கேட்பவர்களுக்கு, அது தனிப் பதிவு. இன்று வேண்டாம், கை வலிக்கிறது.

கடைசியாக நியூஜெர்சியில் இருக்கும் சிவாவின் கேள்வி. கிரீன் கார்டு வந்துவிட்டது, 50 டாலர் கொடுத்தேன், 200க்குக் கீழேதானே, என் பெயர் வெளியே தெரியாதே என்று கேட்டிருந்தான். செக்காக நேரடியாக வேட்பாளரின் குழுவுக்குக் கொடுத்திருந்தால் தெரியாது. ஆக்ட்புளூ அல்லது வின்ரெட் வழியாகக் கொடுத்திருந்தால் தெரியும். அவை இடையில் வாங்கிக் கைமாற்றும் அமைப்புகள் என்பதால், 5 டாலராக இருந்தாலும் பெயரோடு ஒவ்வொன்றையும் கணக்குக் காட்ட வேண்டும். எந்த வழியில் கொடுத்தாய் என்று பார்த்துச் சொல் சிவா. அந்தப் பக்கத்தில் 'மாதாமாதம்' என்ற கட்டத்தில் டிக் இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்.